சூசன் அபுல்ஹவா: ஒரு நாவலாசிரியரின் எழுத்தும் பண்பாட்டுப் பணியும் – நிகழ்வு ஆய்வு

2018 நவம்பரில், ஜெருசலேமில் நடக்கவிருந்த ‘கலிமாத்’ பாலஸ்தீன இலக்கிய விழாவில் பேசுவதற்காக அமெரிக்காவிலிருந்து சென்ற நாவலாசிரியர் சூசன் அபுல்ஹவா, பென் குரியன் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் என்பதால் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்று இஸ்ரேலிய அதிகாரிகள் காரணம் கூறினர். விழா மேடைக்கு அவர் எழுதி அனுப்பிய உரை மட்டுமே போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் அவருடைய முதல் நாவல் பல மொழிகளில் வாசகர்களின் கைகளில் இருந்தது. தன் பெற்றோரின் ஊருக்குள் கால் வைக்க முடியாத ஒருவர், அந்த மண்ணைப் பற்றி எழுதியதாலேயே உலகெங்கும் அறியப்படுகிறார்.

இந்த முரணை ஒரு தனிமனிதரின் துரதிருஷ்டம் என்று எண்ணிக் கடந்துவிட முடியாது. அபுல்ஹவா நாவல்களோடு நின்றுவிடாமல், அகதிக் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைப்பவராகவும் இலக்கிய விழா நடத்துபவராகவும் ஆனதற்கான காரணம் இதற்குள்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் ஒரு பாலஸ்தீனருக்கு நல்ல நூலை எழுதி முடிப்பதோடு வேலை முடிவதில்லை; அந்த நூல் பேசப்படுவதற்கான மேடையையும் அவரே கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது, கட்டிய பின் அதைக் காத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அவருடைய இருபதாண்டுப் பணியை அந்தக் கோணத்திலிருந்து இந்த ஆய்வு அணுகுகிறது.

வீடற்ற குழந்தைப் பருவம்

அபுல்ஹவாவின் குடும்பம் ஜெருசலேமின் ஒலிவ மலையை ஒட்டிய அத்-தூர் பகுதியைச் சேர்ந்தது. 1967 ஜூன் போரில் ஏறத்தாழ மூன்று லட்சம் பாலஸ்தீனர்கள் மேற்குக் கரையிலிருந்தும் காசாவிலிருந்தும் வெளியேற நேர்ந்தபோது, அவருடைய தந்தை துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டார்; ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த தாயால் ஊர் திரும்ப முடியவில்லை. இருவரும் ஜோர்டானில் மீண்டும் ஒன்றுசேர்ந்து, பிறகு குவைத்துக்குப் போனார்கள். 1970இல் சூசன் அங்கே பிறந்தார். குடும்பம் நிலைக்கவில்லை. உறவினர் வீடுகளிலும் வெவ்வேறு நாடுகளிலுமாக வளர்ந்த அந்தக் குழந்தை, பத்து வயதை ஒட்டி ஜெருசலேமில் உள்ள ‘தார் அத்-திஃப்ல் அல்-அரபி’ என்னும் அனாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டது.

அந்த இல்லத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1948 ஏப்ரல் 9 அன்று தெய்ர் யாசின் கிராமத்தில் நடந்த படுகொலைக்குப் பின், ஜெருசலேம் பழைய நகரத்தின் தெருவில் கைவிடப்பட்டு நின்ற 55 குழந்தைகளைக் கண்ட ஹிந்த் அல்-ஹுசைனி என்ற பெண்மணி, தன் பாட்டனாரின் மாளிகையையே அவர்களுக்கான இல்லமாக மாற்றினார். அந்த 55 பேரில் தொடங்கிய இல்லம் பின்னர் பெண் குழந்தைகளுக்கான பள்ளியாக வளர்ந்து பல தலைமுறைகளுக்குக் கல்வி அளித்தது. அபுல்ஹவா அங்கே தங்கியது சில ஆண்டுகளே. என்றாலும் அவருடைய முதல் நாவலின் நாயகி ஆமால் தன் பதின்ம வயதைக் கழிப்பதும் இதே இல்லத்தில்தான். குளிரும் பசியும் தோழமையும் கலந்த அந்தப் பகுதியில் காணப்படும் நுணுக்கம், நேரில் வாழ்ந்தவருக்கே வாய்க்கக்கூடியது.

பதின்மூன்றாம் வயதில் அமெரிக்காவுக்குச் சென்று, வட கரோலினாவின் சார்லட் நகரில் வளர்ப்புப் பராமரிப்பில் வளர்ந்தார். கல்லூரியில் உயிரியலும், தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் முதுகலையும் படித்து மருத்துவ அறிவியல் துறையில் வேலை பார்த்தார். இலக்கியத்தை முறையாகப் பயின்றவர் அல்லர், எழுத்துப் பட்டறைகளின் வழியாக வந்தவரும் அல்லர். அவருடைய உரைநடையின் பலத்துக்கும் அதில் சில இடங்களில் தென்படும் கட்டுப்பாடின்மைக்கும் இந்தப் பின்னணியே காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஜெனினிலிருந்து பிறந்த நாவல்

2002 ஏப்ரலில் இஸ்ரேலியப் படை மேற்குக் கரையிலுள்ள ஜெனின் அகதி முகாமுக்குள் நுழைந்தது. பத்து நாட்களுக்கும் மேல் நீடித்த அந்த நடவடிக்கையில் குறைந்தது 52 பாலஸ்தீனர்களும் 23 இஸ்ரேலியப் படைவீரர்களும் இறந்ததாக ஐ.நா. அறிக்கை பதிவு செய்தது. முகாமின் நடுப்பகுதி புல்டோசர்களால் தரைமட்டமாக்கப்பட்டிருந்தது. உண்மை அறிய ஐ.நா. அமைத்த குழு இஸ்ரேலின் எதிர்ப்பால் அங்கே போகாமலேயே கலைக்கப்பட்டது. அந்த இடிபாடுகளுக்குள் நேரில் சென்றவர்களுள் அபுல்ஹவாவும் ஒருவர். அங்கே கண்டதும் கேட்டதுமே தன்னை நாவல் எழுத உந்தியதாக அவர் பின்னர் சொல்லியிருக்கிறார்.

வேறு மூன்று தூண்டுதல்களும் இருந்தன. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்த பாலஸ்தீன அரசியல் தலைவர் ஹனான் அஷ்ராவி, இத்தகைய வாழ்க்கைக் கதை நமக்குத் தேவை, எழுத எண்ணியதுண்டா என்று கேட்டு எழுதினார். பாலஸ்தீனரின் கதை இலக்கியத்தில் போதிய அளவு இடம்பெறவில்லை என்ற பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் செய்தின் ஆதங்கம் இன்னொன்று. மூன்றாவது, பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1969இல் எழுதிய ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ என்ற குறுநாவல். இஸ்ரேல் உருவான 1948இன் குழப்பத்தில் குழந்தையைப் பிரிந்த பெற்றோர், 1967க்குப் பிறகு பழைய வீட்டுக்குப் போய், தங்கள் மகன் யூதக் குடும்பம் ஒன்றின் பிள்ளையாக வளர்ந்து இஸ்ரேலியப் படைவீரனாக நிற்பதைக் காணும் கதை அது. கனஃபானி ஒரே சந்திப்பில் முடித்துக்கொண்ட அந்தக் கருவை, அபுல்ஹவா ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைகளுக்கு விரித்தார். இந்தக் கடனை அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கதை ஹைஃபாவை அடுத்த ஐன் ஹௌத் என்னும் ஒலிவக் கிராமத்தில் தொடங்குகிறது. 1948இல் கிராமத்து மக்கள் விரட்டப்படும்போது, தலியா என்னும் இளம் தாயின் கையிலிருந்த குழந்தை இஸ்மாயிலை மோஷே என்ற படைவீரன் பறித்துக்கொண்டு போய், நாஜி முகாமில் பட்ட கொடுமையால் தாய்மை இழந்த தன் மனைவி யொலாந்தாவிடம் கொடுக்கிறான். குழந்தை தாவீதாக வளர்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது முகத்தில் பட்ட வடு ஒன்றே அவனுடைய பிறப்பின் சாட்சி. அண்ணன் யூசுப், பல ஆண்டுகளுக்குப் பின் எதிரே நிற்கும் இஸ்ரேலியப் படைவீரனின் முகத்தில் அந்த வடுவைக் காண்கிறான். யொலாந்தாவை வெறுப்பின்றி, அவளுடைய வேதனைக்கு முழு மதிப்பும் தந்து அபுல்ஹவா எழுதியிருப்பதை, அவரை ஒருபக்கச் சார்பாளர் என்று மட்டும் சொல்பவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஐன் ஹௌத் கற்பனை ஊர் அல்ல. ஊரார் போன பின், 1953இல் மார்செல் யான்கோ என்ற ஓவியர் அந்தக் கல் வீடுகளில் ஒரு கலைஞர் குடியிருப்பை உருவாக்கினார், பள்ளிவாசல் உணவகமாயிற்று. வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் அருகிலேயே குடிசை போட்டுத் தங்கி, அரசின் அங்கீகாரமே இல்லாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்தனர். நாவலின் பின்புலமாக இந்த ஊரைத் தேர்ந்ததில் எழுத்தாளரின் கூர்மை தெரிகிறது: வீடுகள் இடிக்கப்படாமல் அப்படியே நிற்கின்றன, உள்ளே வாழ்பவர்கள் மட்டும் மாறிவிட்டார்கள்.

நாவலில் என் மனத்தில் ஆழப் பதிந்தவை இரண்டு காட்சிகள். முதலாவது, விடிவதற்கு முன் தலியாவின் கணவர் ஹசன் அகதி முகாம் வீட்டில் மகள் ஆமாலை மடியில் வைத்துக்கொண்டு கவிதை படித்துக் காட்டுவது. நாள் முழுதும் உழைக்கப் போகும் மனிதர், வெளிச்சம் வருவதற்கு முன்னான அந்தச் சிறு பொழுதை மகளுக்காக ஒதுக்குகிறார். அவள் பின்னர் இழப்பதெல்லாம் அந்தப் பொழுதை வைத்தே நமக்கு அளந்து காட்டப்படுகிறது. இரண்டாவது, 1967 போரின்போது சமையலறைத் தரைக்கு அடியில் தோண்டிய குழிக்குள் ஆமாலும் அவள் தோழி ஹுதாவும் ஒரு கைக்குழந்தையும் பதுங்கியிருப்பது. போர் எப்படி நடக்கிறது என்பது அந்தச் சிறுமிகளுக்குத் தெரியாது. மேலே கேட்கும் ஓசையும், புழுதியும், தாகமும், குழந்தை எப்போது அழும் என்ற அச்சமுமே அவர்களுடைய போர். குழந்தை அந்தக் குழிக்குள்ளேயே இறந்துபோகிறது. அபுல்ஹவா இங்கே எந்த விளக்கமும் சேர்க்கவில்லை, அதனால்தான் காட்சி நிற்கிறது.

பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 1948, 1967, 1982 பெய்ரூத் முற்றுகையும் சப்ரா–ஷத்திலா படுகொலையும், 2002 ஜெனின் என்று பாலஸ்தீன வரலாற்றின் ஒவ்வொரு பேரிடியும் ஒரே குடும்பத்தின் மேல் விழுகிறது. வரலாற்றுச் சுமையைத் தாங்குவதற்காகவே பாத்திரங்கள் அந்தந்த இடங்களுக்கு நகர்த்தப்படுகிறார்கள் என்ற எண்ணம் பின்பாதியில் எழாமல் இருப்பதில்லை. ஆனால் அகதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு உண்மையிலேயே இப்படித்தான் நடந்தது என்பதும் மறுக்க முடியாதது.

நாவல் முதலில் 2006இல் ‘தாவீதின் வடு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு அமெரிக்கப் பதிப்பகத்தின் வழியே வெளிவந்து, விற்பனை வசதி இல்லாததால் பரவலாகக் கவனிக்கப்படாமல் போனது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெற்றி பெற்ற பின்னரே நிலைமை மாறியது. ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் திருத்திய வடிவத்தை 2010இல் ‘ஜெனினில் காலைகள்’ என்ற பொருள்படும் புதிய தலைப்பில் வெளியிட்டது. அதன்பின் 30க்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்ற அந்நூல், பதிப்பாளர் தரப்புக் கணக்கின்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றிருக்கிறது. அமெரிக்காவில் எழுதப்பட்ட ஓர் ஆங்கில நாவல் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்த பிறகே ஆங்கிலத்தில் கவனம் பெற்றது என்பதில், அன்றைய அமெரிக்கப் பதிப்புலகம் பாலஸ்தீனக் கதைகளுக்குக் காட்டிய தயக்கம் வெளிப்படுகிறது.

பிந்தைய நூல்கள்

2013இல் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. 2015இல் வெளிவந்த இரண்டாம் நாவல், 1948இல் அழிக்கப்பட்ட பெய்த் தராஸ் கிராமத்திலிருந்து காசாவுக்கு வந்து சேர்ந்த பராக்கா குடும்பத்துப் பெண்களின் கதை. அமெரிக்காவில் வளர்ப்பு வீடுகளில் ஒதுங்கி வளர்ந்த நூர் என்னும் பெண் வேர் தேடி காசாவுக்கு வருவதில் ஆசிரியரின் சொந்த வாழ்வின் சாயல் உண்டு. ஜின்களும் கனவுகளும் கலந்த அந்த நடை எல்லா இடங்களிலும் கைகூடவில்லை. ஆயினும் முற்றுகைக்குள் பெண்கள் கூடிச் சிரிப்பதையும் சண்டையிடுவதையும் வெட்கமின்றிப் பேசுவதையும் எழுதியதில், காசாவை இறப்பு எண்ணிக்கையாக மட்டுமே அறிந்திருந்த வாசகர்களுக்கு அது ஒரு புதிய இடத்தைக் காட்டியது.

2020இல் வெளிவந்த மூன்றாவது நாவலே அவருடைய மிகச் சிறந்த படைப்பு என்பது என் கருத்து. ‘அன்பற்ற உலகை எதிர்த்து’ என்று பொருள்படும் அதன் தலைப்பு, கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் தன் சகோதரர் மகனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது. இஸ்ரேலியச் சிறையில் ஒரு தனிமைக் கூண்டுக்குள் அடைக்கப்பட்டிருக்கும் நஹ்ர் என்ற பெண் தன் வாழ்வைத் தானே சொல்கிறாள். குவைத்தில் பிறந்தவள், கணவனால் கைவிடப்பட்டவள், தம்பியைப் படிக்க வைப்பதற்காகவும் வீட்டைக் காப்பதற்காகவும் உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவள். 1990இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்து, அடுத்த ஆண்டு விடுவிக்கப்பட்ட பின், அங்கே வாழ்ந்த ஏறத்தாழ நான்கு லட்சம் பாலஸ்தீனர்களில் பெரும்பான்மையோர் வெளியேற நேர்ந்தது. உலக இலக்கியத்தில் அதிகம் பேசப்படாத அந்த இரண்டாம் இடப்பெயர்வு இந்த நாவலில் முழு அளவில் பதிவாகியிருக்கிறது.

நஹ்ர் யாருக்கும் முன்மாதிரி அல்லள். சிறைக்கு வரும் பத்திரிகையாளர்கள் எதிர்பார்க்கும் பாதிக்கப்பட்டவளாகவும் அவள் இருக்க மறுக்கிறாள். முதல் நாவலில் வரலாறு மனிதர்களைச் சுமந்து சென்றது. இங்கே ஒரு மனுஷி வரலாற்றைத் தன் குரலுக்குள் அடக்கிக்கொள்கிறாள். அந்த ஆண்டு பாலஸ்தீன நூல் விருதை இந்நாவல் பெற்றது.

திடல்களும் புறக்கணிப்பும்

எழுத்துக்கு முன்பே களப்பணி தொடங்கிவிட்டது. 2001இல் அவர் நிறுவிய தொண்டு நிறுவனம், மேற்குக் கரையிலும் காசாவிலும் அண்டை நாட்டு அகதி முகாம்களிலும் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல்கள் அமைத்து வருகிறது. ஊஞ்சலும் சறுக்கு மரமும் அரசியலா என்று கேட்பவர்கள் உண்டு. நெருக்கியடித்த முகாம் சந்துகளில், ஓடுவதற்கு நாலு அடி வெற்றிடம் இல்லாத குழந்தைக்கு விளையாடும் உரிமை உண்டு என்று சொல்வதே அந்தச் சூழலில் அரசியல் கோரிக்கையாகிவிடுகிறது. 2015இல் திடல் பணிக்காகச் சென்றபோதுதான் ஜோர்டான் எல்லையிலுள்ள அலன்பி பாலத்தில் அவர் முதன்முறையாகத் திருப்பி அனுப்பப்பட்டார்.

இஸ்ரேலுக்கு எதிரான புறக்கணிப்பு இயக்கத்தை அவர் தொடக்க காலத்திலிருந்தே ஆதரிக்கிறார். பாலஸ்தீனரின் ஆயுத எதிர்ப்பையும் நியாயமானதாகவே பேசுகிறார். பண்பாட்டுப் புறக்கணிப்பை ஆதரிப்பவர், தன் மேடை பறிக்கப்படும்போது கருத்துரிமை பேசலாமா என்ற கேள்வி அவரை நோக்கி அடிக்கடி எழுப்பப்படுகிறது. அந்த இயக்கத்தின் விதிகள் தனிமனிதரின் இனத்தையோ நாட்டையோ குறிவைப்பதில்லை, அரசோடு பிணைந்த நிறுவனங்களையே குறிவைக்கின்றன என்பது ஆதரவாளர்களின் பதில். கோட்பாட்டளவில் அந்த வேறுபாடு தெளிவானது. நடைமுறையில் ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே பார்த்தே முடிவு சொல்ல முடியும். எனவே அந்தக் கேள்வியை அடியோடு தள்ளிவிடுவதும் நேர்மையாகாது.

2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு எழுத்தாளர் வாரத்துக்கு அவர் அழைக்கப்பட்டபோது, உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி உலகை மூன்றாம் உலகப் போருக்கு இழுக்கிறார் என்ற பொருளில் அவர் சமூக ஊடகத்தில் எழுதியவை பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. உக்ரைனோடு தொடர்புடைய மூன்று எழுத்தாளர்கள் விழாவிலிருந்து விலகினர்; ஒரு சட்ட நிறுவனம் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. மாநில முதல்வர் பீட்டர் மலினௌஸ்காஸ் அவருடைய அமர்வுக்கு வர மறுத்தார், ஆனால் விழாவுக்கான அரசு நிதியை நிறுத்தவும் மறுத்தார். விழா இயக்குநர் லூயிஸ் அட்லர் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. குண்டுவீச்சுக்கு உள்ளாகும் ஒரு மக்களைப் பற்றி, அதே கொடுமையை அறிந்த ஒருவர் இத்தனை கடுமையாக எழுதியிருக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே வேளையில், அழைப்பை நிலைநிறுத்திய முடிவு சரியானதே.

பென்சில்வேனியா, 2023

பெரும் இலக்கிய விழாக்களில் பாலஸ்தீனர்கள் ஒன்று அழைக்கப்படுவதே இல்லை, அழைக்கப்பட்டால் ஒற்றை ஆளாக மேடையேற்றப்பட்டு எதிர்த்தரப்போடு வாதாட வைக்கப்படுகிறார்கள் என்பது அபுல்ஹவாவும் அவருடைய தோழர்களும் நெடுநாளாகச் சொல்லிவந்த குறை. ‘பாலஸ்தீன் ரைட்ஸ்’ இலக்கிய விழா அதிலிருந்து பிறந்தது. 2020 மார்ச்சில் நியூயார்க்கில் நடக்கவிருந்த முதல் விழா பெருந்தொற்றால் தள்ளிப்போய், டிசம்பரில் இணையவழியில் நடந்தது.

இரண்டாம் விழா 2023 செப்டம்பர் 22 முதல் 24 வரை பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் அறிஞர்களும் பங்கேற்றனர். கவிதை, நாவல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு பாலஸ்தீனச் சமையலுக்கும் துணிப் பூவேலைக்கும் குழந்தைகளுக்கும் தனி நிகழ்ச்சிகள் இருந்தன. விழாவுக்கு முன்பே கண்டனம் எழுந்தது. பேச அழைக்கப்பட்டிருந்த இசைக்கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ், பேராசிரியர் மார்க் லமோன்ட் ஹில் போன்றோர் யூத வெறுப்பாளர்கள் என்று யூத அமைப்புகள் குற்றம் சாட்டின. விழா யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரை ஒட்டி அமைந்ததும் புண்படுத்தியது. பல்கலைக்கழகத் தலைவர் லிஸ் மகில் செப்டம்பர் 12 அன்று வெளியிட்ட அறிக்கையில், யூத வெறுப்பைக் கண்டித்ததோடு கருத்துப் பரிமாற்றச் சுதந்திரத்தையும் வலியுறுத்தினார். விழா நடந்து முடிந்தது. வாட்டர்ஸ் காணொளி வழியாகப் பேசினார்.

இரண்டு வாரங்களில் அக்டோபர் 7 தாக்குதலும் அதைத் தொடர்ந்து காசா போரும் வந்தன. விழாவை அனுமதித்ததையே முதன்மைக் குற்றமாகச் சுட்டி, மார்க் ரோவன் உள்ளிட்ட பெரும் நன்கொடையாளர்கள் நிதியை நிறுத்தத் தொடங்கினர். டிசம்பர் 5 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன், வளாகத்தில் யூத வெறுப்பு குறித்த விசாரணையில் மகில் அளித்த பதில்கள் எதிர்ப்பை உச்சத்துக்குக் கொண்டுபோயின. டிசம்பர் 9 அன்று அவரும் அறங்காவலர் குழுத் தலைவர் ஸ்காட் போக்கும் பதவி விலகினர். மூன்று நாள் இலக்கிய விழாவின் பெயரில் தொடங்கிய சச்சரவு, மூன்று மாதத்துக்குள் ஒரு பெரும் பல்கலைக்கழகத்தின் தலைமையையே மாற்றிவிட்டது. பதவி விலகலுக்கு விழா மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் அங்கே படிக்கப்பட்ட கவிதைகள் எவை, விவாதிக்கப்பட்ட நூல்கள் எவை என்பது பற்றி அந்த மூன்று மாதச் செய்திகளில் ஏறக்குறைய எதுவுமே இடம்பெறவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2024இன் தொடக்கத்தில் அபுல்ஹவா எகிப்து எல்லையிலுள்ள ரஃபா வழியாகக் காசாவுக்குள் சென்று அங்கே கண்டவற்றை எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, இஸ்ரேல் இன ஒதுக்கல் அரசு, இன அழிப்புக்குப் பொறுப்பானது என்ற தீர்மானத்தை ஆதரித்து ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற விவாத மன்றத்தில் பேசினார். தீர்மானம் 278க்கு 59 என்ற வாக்கில் நிறைவேறியது. அந்த உரை இணையத்தில் பல லட்சம் பேரைச் சென்றடைந்து, இன்று அவருடைய பெயரைக் கேட்டதும் பலருக்கு நாவல்களுக்கு முன் நினைவுக்கு வருவதாக ஆகிவிட்டது.

அவரைப் பேச்சாளராக மட்டுமே அறிந்தவர்கள் மூன்றாம் நாவலிலிருந்து தொடங்குவது நல்லது. நஹ்ரின் குரலில் கொள்கை முழக்கம் குறைவு, மனிதர்கள் அதிகம். காசாவின் பெண்களைத் தெரிந்துகொள்ள இரண்டாவது நாவல் உதவும். ஜெனின் நாவலைக் கனஃபானியின் குறுநாவலுக்குப் பின் படித்தால், அபுல்ஹவா எதை எடுத்துக்கொண்டார், எந்த இடத்தில் தன் வழியில் பிரிந்து போனார் என்பது தெளிவாகத் தெரியும்.